கணினி கேட்பது உங்கள் முடிவைத்தான்

தீநிரல், அதாவது கேடு செய்யும் நிரல், புகுந்துவிட்டது என்று என்னிடம் வரும் கணினிகளின் உரிமையாளர்களிடம் நான் முதலில் கேட்பது, "இதைத் திறந்தபோது திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி வந்து அனுமதி கேட்டதா?" என்பதுதான். "வந்திருக்கும், அது எப்போதும் வருவதுதானே, ‘ஆம்’ கொடுத்துவிட்டேன்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அண்மையில் வந்தது ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவுக் கணினி. மின்னஞ்சலில் வந்த விலைப்பட்டியல் என்று நம்பி ஊழியர் திறந்த கோப்பின் பெயர் ‘பிடிஎஃப்’ என்று முடிவதுபோல் தெரிந்தது. ஆனால் மறைந்திருந்த உண்மையான பின்னொட்டு ‘இஎக்ஸ்இ’; அதாவது அது ஆவணம் அன்று, ஓடக்கூடிய நிரல். அதே கோப்பைத் தனியே ஒதுக்கிய சோதனைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். விண்டோஸ் திரையை மங்கச் செய்து, மஞ்சள் பட்டையிட்ட பெட்டியில், வெளியீட்டாளர் யாரென்று தெரியவில்லை என்று தெளிவாகக் காட்டி, சாதனத்தில் மாற்றம் செய்ய இதை அனுமதிக்கலாமா என்று கேட்டது. ஒரு விலைப்பட்டியலைப் படிப்பதற்கு, கணினியின் அமைப்பையே மாற்றவல்ல நிர்வாகி உரிமை எதற்கு என்று அந்த ஊழியருக்குத் தோன்றவில்லை. அதைவிட என்னைச் சோர்வடையச் செய்தது, "எப்படியும் யாரும் படிப்பதில்லை, இந்தப் பெட்டியையே நிறுத்திவிடலாமே" என்று அவருடைய மேலாளர் கேட்டதுதான்.

நிறுத்த முடியும், நிறுத்தக் கூடாது. அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன், இந்தத் தொழிலில் எனக்கு மிகுந்த எரிச்சலைத் தரும் ஒரு தவறான எண்ணத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். கணினி ஏற்கெனவே எல்லாவற்றையும் சோதித்துவிட்டது, ஆபத்து இருந்தால் தானே தடுத்திருக்கும், ஆகவே இந்தப் பெட்டி ஒரு சம்பிரதாயம் என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிரானது. ஏற்கெனவே அறியப்பட்ட தீநிரலாக இருந்தால் வைரஸ் தடுப்பு மென்பொருள் பெரும்பாலும் உங்களைக் கேட்காமலே அதைப் பிடித்திருக்கும். உங்கள் முன்னால் பெட்டி வந்து நிற்கிறது என்றால், அந்த நிரல் நல்லதா கெட்டதா என்பது கணினிக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள். வாசலில் நிற்கும் காவலாளி, "இவர் உங்களைப் பார்க்க வந்ததாகச் சொல்கிறார், உள்ளே விடலாமா?" என்று கேட்பதைப் போன்றது அது; வந்தவரை அவர் விசாரித்து முடித்துவிட்டார் என்று நீங்களாக நினைத்துக்கொண்டு தலையாட்டினால், விசாரணை என்பது எங்குமே நடக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குத் தெரிந்தவை மிகச் சில: எந்த நிரல் நிர்வாகி உரிமை கேட்கிறது, அதில் யாருடைய மின் கையொப்பம் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு அது என்ன செய்யப்போகிறது என்பது பெட்டிக்குத் தெரியாது. "மஞ்சளாக இல்லை, நீலமாகத்தான் இருந்தது, வெளியீட்டாளர் பெயரும் இருந்தது" என்று வாதிடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கையொப்பம் என்பது நிரலை வெளியிட்டவர் யார், அதன்பின் அது மாற்றப்பட்டதா என்பதற்கான சான்றே தவிர, நன்னடத்தைச் சான்றிதழ் அன்று. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரலின் இயக்கிகள் (இயங்குதளத்தின் ஆழத்தில் ஓடும் நிரல்கள்), ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய நிறுவனங்களிடமிருந்து திருடப்பட்ட சான்றிதழ்களால் கையொப்பமிடப்பட்டிருந்தன.

இதே எண்ணத்திற்கு மறுபக்கமும் உண்டு. "எந்தப் பெட்டியும் வரவில்லை, அதனால் பாதுகாப்பானது என்று நினைத்தேன்" என்பார்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு உங்கள் ஆவணங்களைச் சிதைக்க நிர்வாகி உரிமை தேவையே இல்லை. நீங்கள் திருத்தக்கூடிய கோப்பை, உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரலும் திருத்தலாம். அதற்கு விண்டோஸ் வழக்கமாக உங்களைக் கேட்பதில்லை. பெட்டி காவல் காப்பது இயங்குதளத்தை, உங்கள் குடும்பப் படங்களை அன்று.

அப்படியானால் இது வெறும் தொல்லைதானே என்ற கேள்வி நியாயமானது. தொல்லையாக இருக்கட்டும் என்றே ஓரளவுக்கு இது உருவாக்கப்பட்டது என்பதைப் பலர் அறிவதில்லை. 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில், இந்தப் பெட்டியைக் காட்டும் ‘பயனர் கணக்குக் கட்டுப்பாடு’ என்ற வசதி அறிமுகமானபோது, எதைத் தொட்டாலும் பெட்டி வந்தது, பயனர்கள் கொதித்தார்கள். 2008-இல் ஆர்எஸ்ஏ என்னும் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் பேசிய மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் டேவிட் கிராஸ், பயனர்களுக்கு எரிச்சலூட்டுவதற்காகவே அதை வைத்தோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்த எரிச்சல் உண்மையில் போய்ச் சேர வேண்டிய இடம், தேவையே இல்லாமல் நிர்வாகி உரிமையோடு ஓடும்படி நிரல் எழுதிப் பழகிய மென்பொருள் நிறுவனங்கள். அழுத்தம் வேலை செய்தது. நிரல்கள் மெல்லத் திருந்தின. 2009-இல் வந்த விண்டோஸ் 7 பெட்டிகளைக் குறைத்தது, ஆனால் விண்டோஸின் சொந்த நிரல்கள் சில கேட்காமலே உரிமை பெறும்படி விட்டதால், அவற்றின் முதுகில் ஏறிக்கொள்ளும் தந்திரங்களும் பின்னாலேயே வந்தன. நிர்வாகி கணக்கிலேயே வேலை செய்பவருக்கு இதை ஓர் அரணாகக் கருத முடியாது என்பது மைக்ரோசாஃப்ட்டின் நிலைப்பாடும்கூட. நான் பராமரிக்கும் கணினிகளில் பெட்டி எப்போதெல்லாம் வர வேண்டும் என்பதற்கான அளவுகோலை ‘எப்போதும் தெரிவி’ என்ற உச்சத்தில்தான் வைக்கிறேன். திட்டு வாங்குவதும் உண்டு.

யாரும் படிப்பதில்லை என்ற மேலாளரின் கூற்றிலும் பாதிதான் உண்மை. ஆண்ட்ராய்டு செயலிகள் நிறுவும்போதே எல்லா அனுமதிகளையும் மொத்தமாகப் பட்டியலிட்டுக் கேட்ட காலத்தில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பட்டியலைக் கவனித்தவர்கள் 17 சதவீதத்தினர் மட்டுமே. அனுமதிகளின் பொருள் பற்றிய மூன்று கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் வெறும் 3 சதவீதத்தினர். ஆனால் அடுத்த ஆண்டே உலாவிகளில் காட்டப்பட்ட 2.5 கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை ஆராய்ந்தபோது, இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கையைக் குரோமில் ஏறத்தாழ 70 சதவீதமும் ஃபயர்பாக்ஸில் 33 சதவீதமும் தாண்டிச் சென்றது தெரியவந்தது. தீநிரல் பற்றிய எச்சரிக்கையைத் தாண்டியதோ இரண்டிலும் கால் பங்குக்கும் குறைவு. ஆக, மக்கள் எச்சரிக்கைகளை மதிக்கவே மாட்டார்கள் என்பது பொய். எப்படிக் கேட்கிறீர்கள், எத்தனை முறை கேட்கிறீர்கள், கேட்கும்போது எதைப் பற்றியது என்று புரிகிறதா என்பவற்றைப் பொறுத்து அதே மனிதர்கள் வேறு வேறு விதமாக நடந்துகொள்கிறார்கள். 2015-இல் ஆண்ட்ராய்டு 6.0, கேமராவைத் திறக்கும்போது கேமராவுக்கான அனுமதியைக் கேட்கும் முறைக்கு மாறியது. அதன்பின் ஒரு டார்ச் செயலி தொடர்பு எண்களைக் கேட்டால் சந்தேகப்படுபவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வியின் மதிப்பைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் எங்கள் துறையினரே. ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து முதல் வரியைப் படிப்பதற்குள் ‘அறிவிப்புகள் அனுப்பலாமா’ என்று பெட்டி எழும்பும். இவற்றில் ஏறத்தாழ 99 சதவீதம் ஏற்கப்படாமலே போவதைக் கண்ட, ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா, பயனர் பக்கத்தில் எதையாவது அழுத்தாதவரை அந்தப் பெட்டி எழும்பாதபடி 2020 ஜனவரியில் ஃபயர்பாக்ஸ் 72-இல் மாற்றம் செய்தது. இதுவே சரியான திசை. மைக்ரோசாஃப்ட்டும் 2022-இல், இணையத்திலிருந்து வந்த ஆவணங்களில் உள்ள மேக்ரோக்களை (ஆவணத்துக்குள் பொதிந்த சிறு நிரல்களை), ஒரே அழுத்தில் இயக்கிவிடும் பொத்தானைக் காட்டாமல், இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. அதற்கு முன்பு, ‘இந்த ஆவணத்தைக் காண மேலே உள்ள மஞ்சள் பட்டையில் அழுத்தவும்’ என்று ஆவணத்துக்குள்ளேயே படம் போட்டு வைத்து மோசடிக்காரர்கள் ஆட்களை விழவைத்தார்கள். கேட்க வேண்டிய அவசியம் இல்லாத கேள்வியை நீக்குவதே, மிச்சமுள்ள கேள்விகளைப் படிக்கவைக்கும் வழி.

அலுவலகங்களை நடத்துபவர்களே, உங்களிடமும் இதையேதான் சொல்கிறேன். உங்கள் பில்லிங் மென்பொருள் தினமும் காலையில் திறக்கும்போது நிர்வாகி அனுமதி கேட்கிறதா? பெரும்பாலும் அது தன் தரவை நிரல்கள் இருக்கும் அடைவிலேயே (ஃபோல்டர்) எழுத முயல்வதுதான் காரணம். தரவை வேறு அடைவுக்கு மாற்றித் தரும்படி அதை விற்றவரிடம் கேளுங்கள். மறுத்தால் வேறு மென்பொருளைப் பாருங்கள். நாள் தவறாமல் உங்கள் ஊழியரை ‘ஆம்’ அழுத்தப் பழக்கியது அந்த மென்பொருள். அந்தப் பழக்கத்தைத்தான் போலி விலைப்பட்டியல் பயன்படுத்திக்கொண்டது. அவரைத் திட்டிப் பயனில்லை.

அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கைப் பயன்படுத்துங்கள், வீட்டிலும் அப்படியே. அப்போது ‘ஆம்’ மட்டும் போதாது, நிர்வாகியின் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அந்தச் சில நொடிகளில் பலருக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கோப்புகளின் பின்னொட்டைக் காட்டும்படி அமைப்பை மாற்றுங்கள். இதை இன்னும் இயல்பாகவே காட்டாமல் வைத்திருப்பது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பெட்டி வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது நான் எதையாவது நிறுவினேனா, அல்லது அமைப்பை மாற்றினேனா? இல்லையென்றால் ‘இல்லை’யை அழுத்துங்கள். தவறுதலாக மறுத்துவிட்டால் நட்டம் ஒன்றும் இல்லை, நிரலை மீண்டும் திறந்தால் மீண்டும் கேட்கும். தவறுதலாக அனுமதித்துவிட்டால் திரும்பப் பெறும் வழி பெரும்பாலும் இருக்காது.

கைபேசியில் ‘அணுகல்தன்மை’ என்ற பெயரில் கேட்கப்படும் அனுமதியைப் பற்றி மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டவும் அவர்களுக்காகத் தொடவும் உருவான வசதி அது. அதனாலேயே, அதைப் பெற்ற தீய செயலி உங்கள் திரையில் உள்ள ஓடிபியைப் படித்து, உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களையும் அழுத்திவிடும். ஆண்ட்ராய்டு 13 முதல், செயலிக் கடைக்கு வெளியிலிருந்து நிறுவப்பட்ட செயலிகளுக்கு இந்த அனுமதி எளிதில் கிடைக்காதபடி தடை உண்டு. அந்தத் தடையை எப்படி நீக்குவது என்று தொலைபேசியில் ஒருவர் உங்களுக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்றால், அவர் எந்த வங்கியின் பெயரைச் சொன்னாலும் இணைப்பைத் துண்டியுங்கள்.

தொல்லையையே ஆயுதமாக்கும் ஒரு தாக்குதலும் இருக்கிறது. கடவுச்சொல்லைத் திருடியவர், ‘உள்நுழைவது நீங்கள்தானா’ என்ற கோரிக்கையை உங்கள் கைபேசிக்கு மீண்டும் மீண்டும் அனுப்புவார். தொந்தரவு தாளாமல் ஒருமுறை நீங்கள் அனுமதித்தால் போதும். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் கணக்கு இப்படித்தான் வசப்பட்டது. உள்நுழையும் திரையில் தெரியும் எண்ணைக் கைபேசியில் உள்ளிடச் சொல்லும் முறையை மைக்ரோசாஃப்ட் தன் சரிபார்ப்புச் செயலியில் 2023 மே மாதம் கட்டாயமாக்கியது. உங்கள் சேவையில் அது விருப்பத் தேர்வாக இருந்தால் இன்றே இயக்கிவிடுங்கள். நீங்கள் உள்நுழைய முயலாத நேரத்தில் அப்படி ஒரு கோரிக்கை வந்தால், மறுத்துவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள். பெரும்பாலும் கடவுச்சொல் ஏற்கெனவே வேறொருவர் கையில் இருப்பதால்தான் அது வந்திருக்கிறது. உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள், அலுவலகக் கணக்கானால் எந்த நேரமானாலும் உங்கள் கணினிப் பிரிவுக்குத் தெரிவியுங்கள்.