நடந்ததை வடை அழித்துவிடுமா?

சத்துவாச்சாரி வாசகர் ஒருவரின் கேள்வி இது: "தினமும் காலையில் வேலூர் கோட்டைக்குள் நாலு கிலோமீட்டர் நடக்கிறேன். திரும்பும் வழியில் சூடாக ஒரு வடை, ஒரு காபி. நடந்து எரித்த கலோரி அத்தனையும் அதிலேயே திரும்பி வந்துவிடுகிறது என்று மகன் போனில் கணக்குப் போட்டுக் காட்டுகிறான். அப்படியானால் நடையும் வேண்டாம், வடையும் வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாலும் ஒன்றுதானே?"

மகனின் கணக்கு சரிதான். 65 கிலோ எடையுள்ளவர் நாலு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 200 முதல் 250 கலோரி செலவாகும். எண்ணெய் குடித்த உளுந்து வடையும் சர்க்கரை போட்ட பால் காபியும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்துவிடும். எடை குறைய வேண்டும் என்றால் சாப்பாட்டில்தான் கை வைக்க வேண்டும். ஆனால் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதோடு கலோரிக் கணக்கு முடிந்துவிடுகிறது. வந்தது உடம்பில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது அதில் இருக்காது.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். 2013இல் முடிவு வெளியானது. ஆரோக்கியமான 26 இளைஞர்கள், ஒரு வாரம். எல்லோரும் அன்றாட நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு அதிகமாகச் சாப்பிட வேண்டும். ஒரு பிரிவினர் 50 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மறு பிரிவினர் தினமும் 45 நிமிடம் டிரெட்மில்லில் ஓடினார்கள். ஓடி எரித்ததையும் ஈடுகட்டி 75 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஆக, உடம்பில் மிஞ்சிய கலோரி இரு தரப்புக்கும் ஒன்றே. அந்த ஒரே வாரத்தில் ஓடாதவர்களின் ரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடு கெட்டுப்போனது. ஓடியவர்களுக்குக் கெடவில்லை.

ஏன்? எனக்கு உடலியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சர்க்கரை தானாகத் தசைச் செல்லுக்குள் நுழைந்துவிட முடியாது. அதற்கென்று ஒரு புரதக் கதவு வேண்டும். குளூட்-4 என்று அதற்குப் பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதவுகளில் பெரும்பாலானவை சுவரில் இருப்பதில்லை! செல்லுக்குள்ளே, நுண்ணிய கொழுப்புப் படலப் பைகளில் பதிந்து, சும்மா கிடக்கின்றன. சாப்பிட்டதும் இன்சுலின் வந்து வெளியே தட்டுகிறது. உடனே உள்ளே கிடந்த பைகள் நகர்ந்து சுவரோடு ஒட்டி, சுவரோடு சுவராகக் கலந்துவிடுகின்றன. பையில் இருந்த கதவு இப்போது சுவரில் இருக்கிறது. சர்க்கரை உள்ளே போகிறது. வேலை முடிந்ததும் சுவரின் அந்தத் துண்டு உள்வாங்கி மறுபடி பையாகிவிடுகிறது.

சர்க்கரை நோயின் பரவலான வகையில் இன்சுலின் தட்டுவது உள்ளே சரியாகக் கேட்பதில்லை. கதவு இருக்கிறது, வெளியே வர மறுக்கிறது. இங்கேதான் நடையின் மகிமை. தசை சுருங்கும்போது செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது, எரிபொருள் குறைகிறது. இந்த இரண்டு சமிக்ஞைகளும் அதே கதவுகளை வேறொரு வழியில் சுவருக்குத் தள்ளிவிடுகின்றன. இன்சுலின் தட்டவே வேண்டாம். இன்சுலினுக்குச் செவிசாய்க்காத தசைகூட, நடந்தால் கதவைத் திறக்கிறது. அகழியோரம் நீங்கள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசைக்குள் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

சரி, நடந்து முடித்து வடை சாப்பிட்டாயிற்று. அப்புறம்? சர்க்கரையைத் தசை கிளைகோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. நடந்ததில் அந்தச் சேமிப்பு ஓரளவு காலியாகியிருக்கிறது. அந்த இடத்தை நிரப்பத் தசை காத்திருக்கிறது. வேலை செய்த தசை அடுத்த ஒன்றிரண்டு நாட்களுக்கு இன்சுலினை வழக்கத்தைவிட நன்றாகக் கேட்கும். அதனால் காபியின் சர்க்கரையிலும் வடையின் மாவுச்சத்திலும் கணிசமான பங்கு ரத்தத்தில் சுற்றாமல் தசைக்குள் போய்விடுகிறது. போனது திரும்பியும் வராது. கல்லீரல் தன் சேமிப்பை ரத்தத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். தசையிடம் அதற்கான நொதி இல்லை. உள்ளே வந்ததைத் தானே வைத்துக்கொண்டு தானே செலவழிக்கும். அதே வடையை நடக்காமல் சாப்பிட்டால் தசையில் இடமும் குறைவு, கதவும் குறைவு. வடையே சாப்பிடாமல் படுத்திருந்தாலும் அந்தக் கதவுகள் வெளியே வரப் போவதில்லை.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. பாத் சோதனைக்குத் தேவைப்பட்டது 26 பேர், டிரெட்மில், ஒரு வாரம். இதையே இட்லியும் சோறும் சாப்பிடும் நம் ஊர் ஆட்களிடம், வயதுவாரியாக, நிறையச் செய்து பார்க்க வேண்டும். அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். 'சர்க்கரையை வேரோடு அறுக்கும்' என்று பொடி விற்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனது பதறுகிறது. அந்த டப்பா எதிலும் இந்தக் கதவு இல்லை.

சாப்பிட்ட பின் குறுநடை போடச் சொன்ன நம் பெரியவர்கள் குளூட்-4ஐ அறிந்திருக்க வழியில்லை, ஆனால் சொன்னது சரி. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நீங்களே பாருங்கள். ஒரு நாள் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருங்கள், ஒரு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பாருங்கள். இன்னொரு நாள் அதே நாலு இட்லி, அதே சட்னி. சாப்பிட்டதும் இருபது நிமிடம் தெருவில் நடந்துவிட்டு, அதே நேரத்தில் பாருங்கள். இன்சுலின் ஊசியோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.