பிலிப்பைன்ஸ் விடுமுறைப் பட்டியல்: எல்லா லீவும் ஒன்றல்ல

டிசம்பர் 30 அன்று வேலை பார்த்த சமையல்காரர்களுக்கு ஓர் உணவக உரிமையாளர் 30 சதவீதம் மட்டும் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். நவம்பர் 30-க்கும் அதே கணக்குதான். ஊழியர்கள் தொழிலாளர் துறைக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து அழைப்புக் கடிதம் வந்த பிறகு எனக்குப் போன் செய்து, "ஹாலிடேயில் வேலை செய்தால் 30 பர்சென்ட் என்றுதானே சார் நெட்டில் போட்டிருக்கிறது" என்கிறார்.

மணிலாவில் சின்ன நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஜனவரி பிறந்தால் இந்தப் போன் வரும், ஆள் மட்டும்தான் மாறும். இங்கே கடை வைத்திருக்கும் நம்மவர்கள் கேட்கிறார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு மணிலாவில் குழு நடத்துபவர்களும் கேட்கிறார்கள். பலமுறை போனில் சொன்னதை ஒரு தடவை எழுதியே வைத்துவிடுகிறேன்.

பிலிப்பைன்ஸ் காலண்டரில் சிவப்பாக இருக்கும் நாட்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. ரெகுலர் ஹாலிடே என்பது ஒன்று. ஸ்பெஷல் நான்-ஒர்க்கிங் டே என்பது முற்றிலும் வேறொன்று. உணவக நண்பர் பார்த்த 30 சதவீதம் இரண்டாவது வகைக்கு உரியது. அவர் அதைப் போட்டதோ முதல் வகை நாட்களுக்கு.

ஒருவரின் தினக்கூலி 1,000 பேசோ என்று வையுங்கள். ரெகுலர் ஹாலிடேயில் அவர் வீட்டில் இருந்தாலும் 1,000 கொடுக்க வேண்டும். வேலைக்கு வந்தால் 2,000. அந்த நாள் அவருடைய வார ஓய்வு நாளாகவும் இருந்து, வரச் சொன்னீர்கள் என்றால் 2,600. ஸ்பெஷல் நாளில் வேலைக்கு வராவிட்டால், உங்கள் நிறுவனத்திலோ ஊழியருடன் போட்ட ஒப்பந்தத்திலோ நல்ல வழக்கம் எதுவும் இல்லையென்றால், சம்பளம் இல்லை. வந்தால் 1,300. அது ஓய்வு நாளாகவும் இருந்தால் 1,500. இதெல்லாம் முதல் எட்டு மணி நேரத்துக்கு. அதற்கு மேல் நின்றால் ஓவர்டைம், அதுவும் அந்த நாளின் உயர்ந்த வீதத்தின் மேல் 30 சதவீதம். மாதச் சம்பளக்காரர் என்றால் விடுமுறை நாளின் கூலி பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்குள்ளேயே இருக்கும். கூடுதல் பங்கை மட்டும் சேர்த்தால் போதும்.

"பெரிய நாள் எல்லாம் ரெகுலர், சின்ன நாள் எல்லாம் ஸ்பெஷல்" என்று தாங்களாகவே ஒரு விதி செய்துகொள்கிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. சகல புனிதர் திருநாளான நவம்பர் 1 அன்று நாடே கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். ஆனாலும் அது ஸ்பெஷல். டிசம்பர் 8 அமல உற்பவ மாதா திருநாளும் ஸ்பெஷல். 500 பேசோ காகித நோட்டில் படமாக இருக்கும் எதிர்க்கட்சித் தலைவர் நினாய் அக்கினோ சுட்டுக் கொல்லப்பட்ட ஆகஸ்ட் 21-உம் ஸ்பெஷல்தான். 1942-இல் பத்தான் வீழ்ந்ததை நினைவுகூரும் ஏப்ரல் 9 பல இடங்களில் சத்தமில்லாமல் கடந்து போகும், ஆனால் அது ரெகுலர். நாள் எவ்வளவு பெரியது என்று நமக்குத் தோன்றுவதற்கும் சம்பளத்துக்கும் சம்பந்தமே இல்லை. சட்டமும் அதிபர் மாளிகையின் பிரகடனமும் என்ன வகை என்று சொல்கின்றனவோ அதுதான் வகை. ஊகிக்காதீர்கள், வாசியுங்கள்.

ரெகுலர் நாட்களைச் சொல்லிவிடுகிறேன், எழுதி ஒட்டிவையுங்கள். ஜனவரி 1, பெரிய வியாழன், பெரிய வெள்ளி, ஏப்ரல் 9, மே 1, ஜூன் 12, ஆகஸ்ட் கடைசித் திங்கள், நவம்பர் 30, டிசம்பர் 25, டிசம்பர் 30. இவற்றோடு நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும். நம்மவர்கள் அடிக்கடி மறப்பது கடைசி இரண்டைத்தான். ஆண்டுப் பட்டியலில் அவற்றுக்குத் தேதி இருக்காது. பிறைக் கணக்கு தெரிந்த பிறகு, சில நாட்களுக்கு முன்புதான் தனிப் பிரகடனம் வரும். 2025-இல் நோன்புப் பெருநாள் விடுமுறை ஏப்ரல் 1, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை ஜூன் 6. தேதி அச்சாகவில்லை என்பதால் அந்த நாளில் வேலைக்கு வந்தவருக்கு 200 சதவீதம் இல்லை என்று ஆகிவிடாது.

மூன்றாவதாக ஸ்பெஷல் ஒர்க்கிங் டே என்றும் ஒன்று உண்டு. பெயரில் ஸ்பெஷல் இருந்தாலும் சாதாரண வேலை நாள், சாதாரணச் சம்பளம். 1986-இல் மார்க்கோஸ் ஆட்சியை வீழ்த்திய எட்சா மக்கள் எழுச்சியின் ஆண்டு நாளான பிப்ரவரி 25-ஐ 2025-இலும் 2026-இலும் இப்படித்தான் அறிவித்திருக்கிறார்கள். பழைய பட்டியலை அப்படியே நகலெடுத்து அன்று அலுவலகத்தைப் பூட்டியவர்களும் இருக்கிறார்கள்.

பட்டியல் ஒருமுறை வந்துவிட்டால் அது கல்வெட்டு என்றும் நினைக்க வேண்டாம். 2023-இல் நவம்பர் 30 விடுமுறையை நீண்ட வார இறுதிக்காகத் திங்கட்கிழமை, நவம்பர் 27-க்கு நகர்த்தினார்கள். 2024-இல் ஆகஸ்ட் 21 விடுமுறை வெள்ளிக்கிழமை, 23-க்குப் போனது. அறிவிப்பு வந்தது ஆகஸ்ட் நடுவில்தான். விமான டிக்கெட், டெலிவரி, ஷிப்ட் எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்த நேரம். தேர்தல் நாளும் இப்படித்தான் இடையில் வந்து சேரும், 2025-இல் மே 12 மாதிரி. ஆகவே ஆண்டுத் திட்டம் போடும்போது, வார நடுவில் விழும் விடுமுறையைச் சுற்றி முன்னும் பின்னும் இரண்டு நாள் முக்கியமான எதையும் வைக்காதீர்கள்.

2026-க்கு வருகிறேன். பெரிய வியாழன் ஏப்ரல் 2, பெரிய வெள்ளி 3, மறுநாள் சனி ஸ்பெஷல். அடுத்த வியாழனே ஏப்ரல் 9. ஆண்டு வருமான வரிக்குக் கடைசி நாள் ஏப்ரல் 15. அதாவது வரிக் கணக்கு முடிக்க வேண்டிய இரண்டு வாரங்களில் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் பாதி நாட்கள் மூடியிருக்கும். மார்ச்சுக்குள் கணக்கை முடித்துவிடுங்கள், தயவுசெய்து. புனித வாரத்தில் மணிலாவே காலியாகும், பெரிய வியாழனும் வெள்ளியும் பெரிய மால்கள்கூட மூடிவிடும். அந்த வாரத்தில் யாரையும் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள். மே 1, ஜூன் 12, ஆகஸ்ட் 21 மூன்றும் வெள்ளி. ஆகஸ்ட் 31, நவம்பர் 30 இரண்டும் திங்கள். நவம்பர் 1 ஞாயிறு, 2-ஆம் தேதி திங்களும் ஸ்பெஷல்.

டிசம்பரில்தான் கவனம் வேண்டும். 24 வியாழன் ஸ்பெஷல், 25 வெள்ளி ரெகுலர், 30 புதன் ரெகுலர், 31 வியாழன் ஸ்பெஷல், ஜனவரி 1 வெள்ளி ரெகுலர். 24 தொடங்கி ஜனவரி 3 வரை உங்களுக்கு மிஞ்சுகிற வேலை நாட்கள் 28, 29 இரண்டே. மாதக் கடைசிச் சம்பளத்தை 30-ஆம் தேதி போடுகிறவர்கள் 29-க்குள் அனுப்பியாக வேண்டும். வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் பெசோநெட் வழியாக மொத்தமாக அனுப்பும் பணம் வங்கி வேலை நாளில்தான் நகரும். ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய கூடுதல் சம்பளமான பதின்மூன்றாவது மாதச் சம்பளத்துக்குச் சட்டப்படி டிசம்பர் 24 கடைசி நாள். அன்றே விடுமுறை என்பதால் நடைமுறையில் 23. என்னைக் கேட்டால் டிசம்பர் முதல் பாதியிலேயே கொடுத்துவிடுங்கள். அந்தப் பணத்தை நம்பித்தான் ஊழியர்கள் தெற்கே உள்ள சொந்தத் தீவுகளான விசாயாஸுக்கும் மிந்தனாவோவுக்கும் படகோ விமானமோ ஏறுகிறார்கள். 23-ஆம் தேதி சாயங்காலம் கையில் கிடைக்கும் பணத்தில் டிக்கெட் எடுக்க முடியாது.

நம் ஊர்ப் பழக்கத்தில் சிலர் செய்யும் இன்னொரு தவறு உண்டு. தமிழ்நாட்டில் தேசிய விடுமுறை நாட்கள் போக, பண்டிகை விடுமுறைகளை நிறுவனமும் தொழிலாளர்களும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். அந்த நினைப்பில், "நவம்பர் 30 பொனிஃபாசியோ தினத்தில் வேலை செய்யுங்கள், தீபாவளிக்கு லீவு தருகிறேன்" என்று மணிலாக் குழுவிடம் சொல்லிவிட்டுச் சாதாரணச் சம்பளம் போடுகிறார்கள். தீபாவளிக்கு லீவு கொடுங்கள், நல்லதுதான். ஆனால் நவம்பர் 30-க்கான இரட்டைச் சம்பளம் அதனால் தீராது. ஊழியர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் தீராது.

இரவு ஷிப்ட் நடத்துகிறவர்கள் கவனியுங்கள். விடுமுறை நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி அடுத்த நள்ளிரவில் முடிகிறது. டிசம்பர் 24 இரவு 10 மணிக்கு வந்து விடியற்காலை போகிறவருக்கு முதல் இரண்டு மணி நேரம் ஸ்பெஷல் வீதம், மீதி ரெகுலர் வீதம். இரவு 10 முதல் காலை 6 வரையான 10 சதவீத இரவுப்படி அதற்கு மேல். மென்பொருள் தானாகப் போட்டுவிடும் என்று நம்பாதீர்கள், அதற்குள் யார் எந்த வகையை ஏற்றி வைத்தார்கள் என்று பாருங்கள்.

உள்ளூர் விடுமுறைகள் தனி. தவாவோ நகரத்துக்கு மார்ச் 16, செபு நகரத்துக்கு பிப்ரவரி 24, மணிலா நகரத்துக்கு ஜூன் 24, கெசோன் சிட்டிக்கு ஆகஸ்ட் 19. தலைமை அலுவலகம் எங்கே என்பது பொருட்டல்ல, ஊழியர் வேலை செய்யும் இடம்தான் கணக்கு. தவாவோவில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இது உதவும். சான்றிதழ் வேலையாகப் போகிறவர்கள் தேசியப் பட்டியலை மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். வெளிநாட்டவர் அட்டை வைத்திருப்பவர்கள் ஆண்டின் முதல் 60 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். பிப்ரவரி கடைசி வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள்.

விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில் சம்பளமில்லாமல் விடுப்பு எடுத்தவருக்கு ரெகுலர் ஹாலிடே கூலி மறுக்கப்படலாம் என்ற விதியும் உண்டு. பெரிய வியாழனுக்கு முந்தைய புதனன்று சொல்லாமல் வராவிட்டால் வியாழன், வெள்ளி இரண்டு நாள் கூலியும் போகலாம். ஊழியர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் பிடித்தம் செய்வது நியாயமில்லை. புதனன்றே பேருந்து நிலையங்கள் நிரம்பி வழியும், ஊருக்குப் போகிறவர் செவ்வாய் இரவே கிளம்ப நினைப்பார். அவருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு மிச்சம் இருந்தால் அதைப் போட்டுக் கொடுங்கள், கூலி தப்பும்.

உணவக நண்பர் கடைசியாகக் கேட்டது, "சின்னக் கடைக்கு விலக்கு இருக்கிறதாமே?" என்று. வழக்கமாக 10 பேருக்குக் குறைவானவர்களை வைத்து நடத்தும் சில்லறை, சேவை நிறுவனங்களுக்கு ரெகுலர் ஹாலிடே கூலியில் விலக்கு இருக்கிறது. அவரிடம் வேலை செய்கிறவர்கள் அதற்கு மேல்.

தொழிலாளர் துறையில் முதலில் நடப்பது சமரசப் பேச்சு, 30 நாட்களுக்குள் முடிக்க வேண்டியது. ஊழியருக்கு வக்கீல் தேவையில்லை. பணம் சம்பந்தமான கோரிக்கையை மூன்று ஆண்டுகள் வரை பின்னோக்கி எழுப்பலாம். ஆகவே இதை வாசிக்கும் முதலாளிகள் கடந்த மூன்று ஆண்டுச் சம்பளப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு ரெகுலர் ஹாலிடேயிலும் யார் வேலை செய்தார்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று பாருங்கள். குறைந்திருந்தால், கடிதம் வரும்வரை காத்திருக்காமல் அடுத்த சம்பளத்தோடு சேர்த்து, சீட்டில் எந்த நாளுக்கான தொகை என்று தனியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.