ஜோடி என்று கேட்டு இரண்டு பேட் வாங்கிப் போகிறவர்களுக்கு

வலது முன் சக்கரத்தில் புது பிரேக் பேட், இடதில் தகடு தெரிகிற பழசு. பெட்டியில் மிச்சமிருந்த இரண்டும் மச்சான் வண்டிக்குப் போய்விட்டதாம். இப்படிப் பங்கு போட்ட பக்கிகள் (பிக்கப் வண்டிகள்தான்) நம் தென்னாப்பிரிக்க டர்பன் பட்டறைகளுக்கு இன்னும் எத்தனை வரப்போகிறதோ. "ஒரு ஜோடி போதும்தானே அண்ணா?" போதாது.

செருப்பில் ஜோடி என்றால் இரண்டு. பேடில் நான்கு. பேடை டிஸ்க்கில் அழுத்துகிற கவ்விதான் கேலிப்பர்; ஒவ்வொன்றிலும் டிஸ்க்குக்கு உள்ளே ஒரு பேட், வெளியே ஒன்று. கடைக்காரர் தாராளமாகப் போட்டுத் தந்ததல்ல அது. பின் சக்கர டிரம் பிரேக் இரண்டுக்கும் பிரேக் ஷூ நான்கு. டிஸ்க், ஷாக் அப்சார்பர், காயில் ஸ்பிரிங் எல்லாம் இரண்டுதான், ஆனால் ஒரே ஆக்சிலின் (சக்கர அச்சின்) இடதும் வலதும். இடப்பக்கம் முன்னும் பின்னும் மாற்றினால் அது ஜோடியே இல்லை. வைப்பர் ஜோடியோ பல வண்டிகளில் ஒரே நீளம்கூட இல்லை!

"ஒரு பக்கம்தான் தேய்ந்திருக்கு, மற்றது நன்றாக இருக்கே" என்பதுதான் தாங்க முடியாத பேச்சு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் கோளாறு பேடில் இல்லை, கேலிப்பரில். பிஸ்டன் திரும்பி வரவில்லை, அல்லது கேலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின் இறுகிவிட்டது. உள் பேட் தகடு வரை தேய்ந்து வெளிப் பேட் தடிமனாக இருந்தால் முதலில் அந்த ஸ்லைடு பின்னைப் பாருங்கள். ரப்பர் உறை கிழிந்தால் போதும், நம் கடற்கரை உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று: நீங்கள் "நன்றாக" என்கிற பக்கம் பிரேக்கே பிடிக்காமல் இருந்திருக்கலாம். தேயாததற்கு அதுவும் காரணம். அதைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால், ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் மிதிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். மழை நாளில் சொல்லவே வேண்டாம்.

தகட்டை விட்டுவிட்டு பேட் 3 மி.மீ. ஆனதும் மாற்றுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள். ஸ்லைடு பின்னுக்கு பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ் மட்டும். சாதா கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் கட்டுங்கள். வேலை முடிந்ததும் பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதித்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் முதல் மிதியிலேயே பெடல் தரை தட்டும். பிறகு காலியான சாலையில் 60இலிருந்து 20 கி.மீ. வரை வேகம் குறைத்து, இடைவெளி விட்டு, பத்து முறை.

டயருக்கும் இதே கணக்கு. இரண்டு மட்டும் வாங்கினால் புதுசு பின் ஆக்சிலுக்கு, முன்சக்கரம் இழுக்கும் காரானாலும். சட்டம் கேட்பது 1 மி.மீ. பள்ளம்தான், மழைக்கு அது பற்றாது.

கடையில் "ஜோடி" என்று கேட்காதீர்கள், ஐயா. "முன் ஆக்சில் முழு செட்" என்று கேளுங்கள். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கில் (வட்ட உரிமச் சீட்டில்) வின் நம்பர், அதாவது வண்டியின் அடையாள எண், இருக்கிறது, படம் எடுத்துக்கொண்டு போங்கள்.