ஹேவ்லாக்குக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவோர் கவனத்துக்கு

அந்தமானின் போர்ட் பிளேரில் அறை எடுத்துக்கொண்டு, ஹேவ்லாக்கை ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் ஏராளம். (போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீவு. பழைய பெயர்கள்தான் இன்னும் வாயில் வருகின்றன.) தனியார் அதிவேகக் கப்பலில் போக ஒன்றரை இரண்டு மணி நேரம், வர அதே அளவு. தீவில் கையில் மிஞ்சுவது ஐந்தாறு மணி நேரம். அதற்குள் எலிபெண்ட் பீச்சில் ஸ்நார்க்ளிங் (மாஸ்க்கும் மூச்சுவிடும் குழாயும் மாட்டி நீர்மேல் குப்புற மிதப்பது), ஒரு ஸ்கூபா டைவ் (காற்று உருளையோடு ஆழத்தில் இறங்குவது), மதியச் சாப்பாடு, ராதாநகர் கடற்கரையில் குளியல். அங்கே நடக்கும் பல விபத்துகளுக்குக் கடலைவிட இந்த அட்டவணைதான் காரணம்.

முதலில் கடிகாரம். அந்தமானிலும் இந்திய நேரம்தான். ஆனால் ஹேவ்லாக் சென்னைக்குக் கிட்டத்தட்ட 13 பாகை கிழக்கே இருப்பதால், சூரியன் அங்கே சுமார் 50 நிமிடம் முந்திக்கொள்கிறது. உச்சி வெயில் ஏறக்குறைய 11 மணிக்கும் 11.30க்கும் நடுவில் வந்துவிடும். காலைக் கப்பலில் இறங்கி, படகு மாறி, நீரில் குப்புறப் படுத்து மிதக்கிற நேரமும் அதுவே. முதுகு, பின்கழுத்து, முழங்காலின் பின்புறம் ஆகியவைதான் வெந்துபோகும் இடங்கள். நீரின் குளிர்ச்சியில் எரிச்சல் தெரியாது, இரவில்தான் தெரியும். முழுக்கைச் சட்டையோடு நீரில் இறங்குங்கள். அது எந்தக் களிம்பையும்விட மேல். களிம்பு பூசுவதானால் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், இறங்குவதற்கு 20 நிமிடம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீரைவிட்டு ஏறியதும் மறுபடியும் பூச வேண்டும்.

கப்பல்கள் பெரும்பாலும் மூடிய ஏசி கூடம். அலை இருக்கும் நாளில் பாதிப் பேர் கையில் வாந்திப் பை இருக்கும். வெறும் வயிற்றோடு ஏறினால் குமட்டல் கூடும், பூரியோடு ஏறினாலும் கூடும். இரண்டு இட்லி போதும். கப்பலின் நடுவிலோ பின்பக்கமோ கீழ்த்தளத்தில் இடம் கேளுங்கள், கைபேசியைப் பார்க்காதீர்கள். வாந்தி மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. அவோமின் போன்ற மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். அதைப் போட்டுக்கொண்டு கரை இறங்கியவர் அன்று ஸ்கூபா செய்யக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்த மாத்திரை கூடவே கூடாது.

ஸ்நார்க்ளிங் என்றால் ஆழமில்லாத நீரில் மிதப்பதுதானே என்ற அலட்சியம் பெரியது. நீரில் இறங்கியதும் கால்களில் தேங்கியிருக்கும் இரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது. கூடவே குறுகலான குழாய் வழியாகக் காற்றை வலிந்து இழுக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால், பிரஷர் அல்லது இதயக் கோளாறு உள்ள சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துவிடும். நடந்துவிட்டு வந்த களைப்பும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவதும் அதை விரைவாக்கும். இப்படி மூழ்குகிறவர் கையை உதறிக் கத்துவதில்லை, சத்தமில்லாமல் அசைவற்றுப் போகிறார். மூச்சு வாங்குகிறது, கைகால் தளர்கிறது என்று தோன்றினால் குழாயைத் துப்பிவிட்டு மல்லாந்து, உதவி கேட்டுக் கரைக்கு வந்துவிட வேண்டும். மாஸ்க்கில் ஏதோ கோளாறு என்று சரிசெய்துகொண்டே மிதப்பதுதான் தவறு.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டிருந்தால் சரி. மீசைக்காரர்களுக்கு மேலுதட்டில் கசியும், மாஸ்க் விளிம்பு தொடும் இடத்தில் கொஞ்சம் வாஸலின் தடவினால் குறையும். கான்டாக்ட் லென்ஸோடு இறங்க வேண்டாம், பவர் மாஸ்க் கிடைக்குமா என்று கேளுங்கள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கட்டும். அது காதுவரை ஏறினால் நீரிலும் ஏறும், முகத்தைத் தாங்காது. நீர் வற்றிய நேரத்தில் பவளப்பாறை மேலேயே தெரியும், நின்றால் கால் கிழியும். அந்தக் காயம் சிறிதாக இருந்தாலும் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவாவிட்டால் வாரக்கணக்கில் ஆறாது.

ஸ்கூபாவுக்கு முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். பணம் கட்டியாயிற்று, கப்பலுக்கு நேரமாகிறது என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போட்டுக் கையெழுத்திடுகிறார்கள். ஆஸ்துமா உண்டா என்றால் இல்லை என்பார்கள், வீசிங் உண்டா என்றால் சின்ன வயதில் இருந்தது என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரு மடங்கு. அங்கே இழுத்த காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினாலோ, சளியாலும் இழுப்பாலும் மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தாலோ நுரையீரல் கிழியும். இதற்கு ஓரிரு மீட்டர் ஆழமே போதும். ஆகவே இழுப்பு, இதய நோய், வலிப்பு, கர்ப்பம், அண்மைய அறுவை என எதை மறைத்தாலும் ஏமாறுவது பயிற்சியாளர் அல்ல.

ஜலதோஷம் இருந்தால் அன்று ஸ்கூபா வேண்டாம். மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு அடியில் இருக்கும்போதே மருந்தின் வேகம் தீர்ந்து, ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும். இறங்கும்போது அரை மீட்டருக்கு ஒருமுறை மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும், வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே. வலித்தால் கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். பல்லைக் கடித்துப் பொறுத்தால் செவிப்பறை கிழியும்.

விமானக் கணக்கும் உண்டு. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் பறக்கக் கூடாது. 24 மணி விட்டால் நிம்மதி. ஹேவ்லாக்கைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காமல் முதலிலேயே வைத்தால் இந்தக் கணக்கே தேவைப்படாது. பறந்த பிறகு மூட்டுவலி, மரமரப்பு, தலைசுற்றல் வந்தால் அது விமானக் களைப்பு என்று படுத்துவிட வேண்டாம். டைவ் செய்த விவரத்தை முதல் வேலையாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ராதாநகரில் குளிக்கும் எல்லையைக் காட்ட நட்டிருக்கும் கொடிகளுக்கு நடுவே, உயிர்காப்புக் காவலர் கண்ணில் படும்படி மட்டும் குளிக்கலாம். 2010-இல் அந்தக் கடற்கரைக்கு அருகே ஸ்நார்க்ளிங் செய்துகொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண் உவர்நீர் முதலை தாக்கி இறந்தார். கழிமுகம், அலையாத்திக் காடு, ஓடை கலக்கும் இடம் ஆகியவை படத்துக்கு அழகானவை, குளிக்க அல்ல. அந்தியில் முதலையைவிட நிச்சயமாகக் கடிப்பது மணல் ஈ. சொறிந்தால் சீழ் வைக்கும்.

ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காமல், மணல் போடாமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், கடல் நீரால் அலசி ஒட்டியிருக்கும் இழைகளை எடுக்க வேண்டும். சிறுநீர் வைத்தியம் வெறும் கதை. கல்லைப் போலவே கடலடியில் கிடக்கும் கல்மீனின் முள் காலில் குத்தினால் பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை காலை வைத்திருங்கள், வலி இறங்கும். சூட்டை முதலில் நல்ல காலால் பார்த்துக்கொள்ளுங்கள். தடித்த அடி கொண்ட செருப்பு இருந்தால் பெரும்பாலும் இந்த வெந்நீர் தேவைப்படாது.

மூழ்கி எடுக்கப்பட்டவருக்கு மூச்சில்லை என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். வாயோடு வாய் வைத்து முதலில் இரண்டு முறை ஊதி, பிறகு 30 முறை நெஞ்சை அழுத்துங்கள், மறுபடி இரண்டு மூச்சு. நீரில் மூழ்கியவருக்கு முதலில் தேவை காற்று. எழுந்து உட்கார்ந்து நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னாலும், இருமல் இருந்தால் தீவின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டாமல் கப்பல் ஏற வேண்டாம். அதற்கு மேல் சிகிச்சை கடலுக்கு அப்பால், போர்ட் பிளேரில்தான்.

கடல் மோசமானால் மாலைக் கப்பல் ரத்தாகும், அன்றிரவு தீவில்தான். சுகர், பிரஷர் மாத்திரைகளை மறுநாளுக்கும் சேர்த்து, அறைப் பெட்டியில் அல்லாமல் கைப்பையில் வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் பிஸ்கட் பொட்டலமும் வைத்துக்கொள்ளுங்கள், தீவில் மதியச் சாப்பாடு சொன்ன நேரத்துக்கு வருவது அபூர்வம். கையிருப்பில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். கரையில் உடைந்து கிடக்கும் பவளத் துண்டை மட்டும் அந்தப் பையில் போடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.