முதலாளி கொட்டும் பணம் யாருடையது?

போன மாதம் இன்னொரு கால்பந்து கிளப்பின் கணக்குக் கோப்பு என் மேசைக்கு வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், தணிக்கையாளனின் வாய்க்கட்டு அது. உள்ளே ஜெர்சி துவைத்துக் கொடுத்தவரின் பில், ஏழு மாத பாக்கி, மூன்று நினைவூட்டல் கடிதங்களோடு பின் குத்திக் கிடந்தது. அதற்கு அடுத்த தாள், புது முன்கள வீரரின் ஒப்பந்தம். சரி, இனியும் எழுதாமல் இருக்க முடியாது.

"முதலாளி கோடி கோடியாகக் கொட்டுகிறார், நமக்கென்ன கவலை?" ரசிகர்கள் சொல்லிச் சொல்லி என் காது புளித்துவிட்டது. ஐயா, அவர் கொட்டுவதில் எத்தனை முதலீடு, எத்தனை கடன் என்று கேட்டீர்களா? பங்கு வாங்கிப் போட்டால் அது முதலீடு. கடனாகக் கொடுத்தால் கிளப் திருப்பித் தர வேண்டிய பாக்கி. வங்கியில் இரண்டும் ஒரே மாதிரிதான் வந்து விழும், பேப்பரிலும் ஒரே தலைப்புதான். ஆனால் அவருக்குச் சலிப்புத் தட்டும் நாளில் கடன் மட்டும் கிளப்பின் தலையில் நிற்கும். மைதானத்தை ஈடு எழுதி வாங்கியிருந்தால் அதுவும் போச்சு. இத்தாலியின் பார்மா 1 யூரோவுக்குக் கைமாறி 2015இல் திவாலானது. கிளப் அந்த விலைக்குக் கிடைத்தால் அது மலிவு இல்லை, வாங்குபவர் தலையில் ஏறுவது கடன் மூட்டை.

அப்புறம், இதையெல்லாம் கேட்க வேண்டியவர்கள், அதாவது போட்டிகளை நடத்தும் லீக் நிர்வாகம். இங்கிலாந்தின் பரி, 1885இல் தொடங்கி இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்ற கிளப். 2018 டிசம்பரில் 1 பவுண்டுக்குக் கைமாறியது. வாங்குபவரிடம் பணம் இருக்கிறதா என்பதற்கான ஆதாரம் லீக் நிர்வாகத்தின் கைக்கு வரும் முன்பே விற்பனை முடிந்துவிட்டது. 2019 ஆகஸ்ட் 27 அன்று அதே லீக் கிளப்பை வெளியேற்றியது. வாசலில் விட்டதைக் கொல்லையில் தேடினார்கள்.

இங்கிலாந்தின் இன்னொரு கிளப் டெர்பி கவுண்டி, 2018இல் தன் மைதானத்தைத் தன் முதலாளியின் கம்பெனிக்கே விற்றது. 2021இல் திவால் நடைமுறைக்குப் போனது. அந்தப் பருவத்தில் மொத்தம் 21 புள்ளிகள் வெட்டப்பட்டு, கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. தண்டனை அனுபவித்தது யார்? சீசன் டிக்கெட் எடுத்தவனும் களத்தில் ஓடியவனும். லீக்கின் விதிகளுக்கு ஓட்டுப் போடுவது கிளப் முதலாளிகளே என்னும்போது, கடிவாளம் எப்படி இறுகும்?

இன்னொரு எரிச்சல்: அங்கே கிளப் நொடித்தால் வீரர்களின் சம்பளமும் மற்ற கிளப்புகளின் பாக்கியும் முழுதாகத் தரப்பட வேண்டும் என்பது லீக் விதி. சலவைக்காரருக்கு மிஞ்சினால்தான் காசு.

2025இல் இங்கிலாந்து சட்டம் போட்டு, தனி ஒழுங்காணையம் அமைத்துவிட்டது. கிளப்புக்கு உரிமம் வேண்டும், உரிமையாளரின் பணம் எங்கிருந்து வந்தது என்று சோதிப்பார்கள், மைதானத்தை விற்க ஒப்புதல் வேண்டும். தாமதம்தான், ஆனாலும் வரவேற்கிறேன்.

இப்படி ஒரு காவல் இங்கேயும் வரும்வரை நீங்கள் சும்மா இருக்காதீர்கள். ஆண்டுக் கணக்கு குறித்த நாளில் வரவில்லையா? சம்பளம் தள்ளிப் போகிறதா? தணிக்கையாளர் திடீரென்று விலகினாரா? மூன்றில் ஒன்று நடந்தாலே எழுந்து கேளுங்கள். புது வீரரை அறிமுகப்படுத்தும் விழாவில் கை தட்டுவதற்கு முன், மைதானப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள், தயவுசெய்து.