சர்வர் சொல்லும் நல்ல பொய்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மோடத்தில் டயல் செய்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வந்துவிடுகிறேன். ரிமோட் அக்சஸ் சர்வரைப் பிங் செய்தால் ("இருக்கிறாயா?" என்று கேட்டால்) பதில் வருகிறது. அதைத் தாண்டி ஒரு கணினியும் பதில் சொல்வதில்லை. ஏன்?"

முதலில், டயல் செய்பவர்களை உள்ளே விடும் அந்த சர்வரில் ஐ.பி. ஃபார்வர்டிங் (ஒரு பக்கம் வந்த தகவல் பாக்கெட்டை மறுபக்கம் கடத்துவது) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் சாதாரணமாக அது அணைந்தே இருக்கும். போட்டிருந்தும் இதே கதை என்றால், பதில் திரும்பி வரும் வழியைச் சந்தேகப்பட வேண்டும்.

டயல் செய்ததும் பி.பி.பி. பேச்சு (கம்பியின் இரு முனைகளும் இணைப்பைப் பேசி முடிப்பது), பாஸ்வேர்டு எல்லாம் முடிந்து உங்களுக்கு ஒரு ஐ.பி. முகவரி கிடைக்கும். அது எந்த சப்நெட்டிலிருந்து, அதாவது எந்த முகவரித் தொகுப்பிலிருந்து, வருகிறது என்பதில்தான் சூட்சுமம்.

அலுவலக நெட்வொர்க் 192.168.10.0/24 என்று வைத்துக்கொள்வோம் (/24 என்றால் முகவரியின் முதல் 24 பிட்கள் எல்லோருக்கும் பொது). அதன் வால் பகுதியான 192.168.10.224/27-ஐ, அதாவது 32 முகவரிகளை, டயல் செய்பவர்களுக்கென ஒதுக்கியாயிற்று. உங்களுக்கு 192.168.10.230, சுருக்கமாக 230, வந்திருக்கிறது. உள்ளே ஒரு கணினி உங்களுக்குப் பதில் அனுப்பப் பார்க்கிறது. எது உள்ளூர் என்று காட்டும் அதன் மாஸ்க் 255.255.255.0 (அதே /24) என்பதால் 230 அதற்குப் பக்கத்து வீடு. "230 யாருப்பா, உன் மேக் முகவரி என்ன?" என்று எல்லோருக்கும் கேட்கக் கூவுகிறது. ஐ.பி. முகவரிக்கு உரிய மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) கண்டுபிடிக்க 1982-இல் வந்த ஏ.ஆர்.பி. செய்வது இவ்வளவுதான். நீங்களோ தொலைபேசிக் கம்பியின் மறுமுனையில் இருக்கிறீர்கள். கூவல் உங்களை எட்டாது. எட்டினாலும், அந்த பி.பி.பி. இணைப்பில் சொல்வதற்கு ஒரு மேக் முகவரி கிடையாது.

அப்போது சர்வர் கொஞ்சமும் கூசாமல் "நான்தான் 230" என்று தன் மேக் முகவரியை நீட்டுகிறது. நம்பி வந்த பாக்கெட்டை வாங்கி, எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் தன் ரவுட்டிங் டேபிளைப் புரட்டுகிறது. இரண்டு வரிகள் பொருந்துகின்றன: ஈதர்நெட் பக்கம் காட்டும் /24, நீங்கள் இணைந்த நொடியில் முளைத்த 192.168.10.230/32 (உங்கள் ஒரு முகவரிக்கு மட்டுமான வரி). கூடுதல் பிட்கள் பொருந்தும் வரிக்கே முதலிடம். பாக்கெட் மோடம் வழியே உங்களிடம் வந்து சேர்கிறது. இதற்குப் பெயர் பிராக்ஸி ஏ.ஆர்.பி.; 1987-இல் ஆர்.எஃப்.சி. 1027 என்ற இணைய ஆவணம் இதை விவரித்தது. நெட்வொர்க் உலகில் எனக்கு மிகவும் பிடித்த பித்தலாட்டம்.

டயல் செய்பவர்களுக்கு 192.168.20.0/27 என்று தனி சப்நெட் கொடுத்திருந்தால் இந்தப் பொய்க்கு வேலையில்லை. உள்ளே இருக்கும் கணினி பதிலை நேராக, வெளி முகவரிகளுக்கான வாசலாகிய டீஃபால்ட் கேட்வேயிடம் கொடுத்துவிடும். அந்த சப்நெட் எங்கே இருக்கிறதென்று கேட்வேக்குத் தெரியாவிட்டால் இன்டர்நெட் பக்கம் தள்ளும். தனியார் முகவரிக்கு அங்கே வழியில்லை, பாக்கெட் போனது போனதுதான். "192.168.20.0/27-க்கு ரிமோட் அக்சஸ் சர்வர் வழியாகப் போ" என்று கேட்வேயில் ஒரு ஸ்டாடிக் ரூட் எழுதினால் தீர்ந்தது.

இதற்கெல்லாம் ரீபூட் செய்து பார்ப்பவர்கள் உண்டு. சகுனம் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. உள்ளே இருக்கும் ஒரு கணினியில், வரும் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓடவிட்டு, வெளியிலிருந்து பிங் செய்யுங்கள். பிங் வந்து சேரவே இல்லையா, ஃபார்வர்டிங் அணைந்திருக்கிறது. வந்தபின் "230 யார்" என்ற கேள்வி மட்டும் பதிலின்றித் திரும்பத் திரும்ப ஓடுகிறதா, சர்வர் பொய் சொல்ல மறந்திருக்கிறது. பதில் கேட்வேயின் மேக் முகவரிக்குக் கிளம்பிப் போய்த் தொலைகிறதா, அந்த ஒரு வரி ரூட்டை யாரோ எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.