லாக்கில் பாஸ்வேர்டு எப்படி விழுந்தது?

இருபது சர்வர்களில் ராத்திரி ஏறி ஒரே வேலையை முடித்துவிட்டு இறங்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். காலையில் பார்த்தால் பதினெட்டில் வேலை முடிந்திருந்தது. மீதி இரண்டில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் லாக்கில், அதாவது ஸ்கிரிப்ட் ஓடும்போது நடப்பதை எழுதிவைக்கும் ஃபைலில், சர்வரையே ஆளும் ரூட் கணக்கின் பாஸ்வேர்டு மட்டும் எழுத்துப் பிசகாமல் பதிவாகியிருந்தது. அதுவும் டீமில் எல்லோரும் திறக்கிற ஃபோல்டரில்.

தூரத்து சர்வரில் ஏற உதவும் புரோகிராம் எஸ்எஸ்எச். அது பாஸ்வேர்டை இன்னொரு புரோகிராமிடமிருந்து நேராகப் பைப்பில் வாங்காது, ஆள் தட்டும் டெர்மினலில்தான் கேட்கும். அதனால் ஸ்கிரிப்ட் ஒரு போலி டெர்மினலை உண்டாக்கி, ஒரு முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு மறுமுனையில் எஸ்எஸ்எச்சை ஓட விடுகிறது. யாரோ உட்கார்ந்து தட்டுகிறார்கள் என்றே எஸ்எஸ்எச் நினைத்துக்கொள்ளும். சரி, வசதிதான். ஆனால் டெர்மினல் வந்தால் அதன் குணமும் கூடவே வரும்: தட்டிய எழுத்தைத் திருப்பிக் காட்டும். இந்த எக்கோவைச் செய்வது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னல். பாஸ்வேர்டு கேட்கிற நேரத்தில் எஸ்எஸ்எச் அதை அணைத்து வைக்கும்.

என் ஸ்கிரிப்டோ ஒரு நொடி தூங்கிவிட்டு பாஸ்வேர்டை அனுப்பிவிடும். அந்த இரண்டு சர்வர்களும் அன்று மந்தமாக இருந்தன. எக்கோ அணையும் முன்பே போன பாஸ்வேர்டு அப்படியே திரும்பி வந்து லாக்கில் விழுந்தது. கூத்து என்னவென்றால், எக்கோவை அணைக்கும்போது அதுவரை தட்டி வைத்ததையும் எஸ்எஸ்எச் தூக்கி எறிந்துவிடும். எனவே அதற்குப் பாஸ்வேர்டு கிடைக்கவே இல்லை. லாக்கைத் திறந்தவர்களுக்குக் கிடைத்தது.

இப்படிப் புரோகிராம்களுக்கு ஆள்போல் பதில் தட்ட 1990இல் டான் லைப்ஸ் வெளியிட்ட எக்ஸ்பெக்ட் என்ற கருவியின் பெயரிலேயே வழி இருக்கிறது: கேள்வி வரும்வரை காத்திரு, வந்ததும் அனுப்பு. அதுவும் சில நேரம் போதாது. சில புரோகிராம்கள் கேள்வியை முதலில் காட்டிவிட்டு, அப்புறம்தான் எக்கோவை அணைக்கும். அதே வேலைக்குப் பைத்தான் மொழியில் உள்ள பிஎக்ஸ்பெக்ட் ஒவ்வொரு முறையும் அனுப்பும் முன் 50 மில்லிநொடி தயங்குவது இதற்காகத்தான். எக்கோ அணைந்ததா என்று பார்த்துச் சொல்ல அதில் 'வெயிட்நோஎக்கோ' என்று ஒரு ஃபங்ஷனும் உண்டு. நான் இப்போது அதைக் கூப்பிடாமல் பாஸ்வேர்டை அனுப்புவதில்லை. அந்த ஒரு வரிக்கு லாக்கையும் நிறுத்திவிடுகிறேன்.

உண்மையில் பாஸ்வேர்டுக்குப் பதில் எஸ்எஸ்எச் சாவி என்ற ஃபைலை வைத்து நுழைய முடிகிற இடத்தில் இந்த நாடகமே வேண்டாம். சாவியை ஏற்காத பழைய நெட்வொர்க் ஸ்விட்சுகளுக்குத்தான் போலி டெர்மினல்.

அன்று லாக்கை உடனே அழித்தேன். ஆனால் அதற்குள் ராத்திரி பேக்கப் ஓடி முடிந்திருந்தது. இருபது சர்வர்களிலும் பாஸ்வேர்டை மாற்றினேன், ஒவ்வொன்றாக, கையால்.